வெள்ளிக்கிழமை வராத வண்டி

வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. சென்னை பாரிமுனையில் காஞ்சிபுரம் பேருந்து ஏறினேன். தூரம் எழுபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் இரண்டு ரூபாய் எண்பது காசு. தை மாதம் என்பதால் வண்டி நிறையக் கல்யாண வீட்டுக்காரர்கள். பக்கத்து இருக்கைக்காரர் மகளுக்குக் கூறைப்புடவை எடுக்கப் போகிறாராம்.

"சாரும் பட்டு எடுக்கத்தானே?" என்றார்.

"இல்லைங்க. சாணி விஷயமா போறேன்."

அவர் அப்புறம் பூந்தமல்லி வரும்வரை என்னிடம் பேசவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. சட்டைப்பையில் ரங்கையாவின் அஞ்சலட்டை இருந்தது. "தொட்டி ஏறமாட்டேங்குது சார். சனிக்கிழமை கல்யாணப் பட்டுக்குச் சாயம் போடணும். உடனே வரவும்." நாலு வரிதான். அதை நாற்பது தடவை படித்திருப்பேன்.

நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றியதற்கு மறுவருஷம் அது. சென்னையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. மண்ணெண்ணெய் கிடைக்காதவர்களெல்லாம் விறகுக்குத் திரும்ப, சவுக்குக் கட்டை விலையும் ஏறிவிட்டது. பட்டுக்குச் சாயம் போட அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதிக்க வேண்டும். காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைகள் அதற்கு வண்டி வண்டியாகச் சவுக்கை எரித்துக்கொண்டிருந்தன. ஊரும் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி காண முடியுமா என்று திட்டம் போடும் வேலை எங்கள் அலுவலகத்தில் என் தலையில் விழுந்தது. நானும் போட்டேன். மூன்று கிராமங்கள் முறை வைத்துச் சாணி அனுப்பும்; சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சாண எரிவாயுத் தொட்டி; எரிவாயு பட்டறைக்கு; எரிவாயு போன பிறகு மிஞ்சும் சாணிக் கரைசல் எருவாகக் கிராமத்துக்கே திரும்பும். யாருக்கும் நஷ்டமில்லை. எந்தக் கிழமை எந்த ஊர் வண்டி வர வேண்டும் என்று கட்டம் போட்டு அட்டவணை தயாரித்து, படியெடுத்து எல்லாருக்கும் கொடுத்தேன். அந்த அட்டவணையில் எனக்குப் பெரிய கர்வம்.

அதை நம்பிய முதல் ஆள் சாயக்காரர் ரங்கையா. நம்பியதோடு நிற்காமல், தன் பட்டறையின் விறகு அடுப்பை இடித்துவிட்டு அந்த இடத்தில் எரிவாயு அடுப்பு வைத்துவிட்டார். அதே தெருவில் மற்ற ஐந்து பட்டறைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை ரங்கையாவின் சிவப்புச் சாயம் நன்றாக வந்தால் அவர்களும் சேர்வார்கள். வராவிட்டால் திட்டம் அன்றோடு போயிற்று. நான் சென்னைக்குத் திரும்பி வேறு கோப்பைப் பிரித்துக்கொள்வேன். ரங்கையா அடுப்பில்லாத சாயக்காரராகத் தெருவில் நிற்பார்.

மாலை ஐந்து மணிக்குக் காஞ்சிபுரம். சின்ன காஞ்சிபுரத்துக்குக் குதிரை வண்டி ஒரு ரூபாய். வரதராஜர் கோயில் மதில் தெரிந்ததும் வண்டிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். வழக்கமாக எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது.

ரங்கையாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை நிரந்தரமாகச் சிவப்பு. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். என்னைக் கண்டதும் நேராகக் கொல்லைக்கு அழைத்துப் போனார். கிணறு மாதிரி ஒரு குழி, அதற்குள் கவிழ்த்துப் போட்ட பெரிய இரும்புத் தொட்டி. அடியில் எரிவாயு சேரச் சேரத் தொட்டி மேலே எழும்பும். ஒரு கோடு எழும்பினால் ஒரு மணி நேரம் அடுப்பு எரியும் என்று கணக்குப் பண்ணி, நானே அதில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டிருந்தேன். சனிக்கிழமை வேலைக்கு ஐந்து கோடு வேண்டும். வெளியே தெரிந்தது இரண்டு கோடும் ஒரு சாணும்.

"எத்தினி நாளா இப்படி?"

"மூணு வாரமா இறங்கிக்கினே இருக்குது சார். வெள்ளிக்கெழம வண்டி சுத்தமா வர்றதில்ல. செவ்வாக்கெழம வண்டி பாதிதான் வருது, மாட்டுக்குக் கால் சரியில்லையாம். மத்த நாளு பரவால்ல."

நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டேனே தவிர மனத்தில் வாங்கவில்லை. ஒரு நாள் வண்டி தவறினால் இவ்வளவு இறங்குமா என்று சந்தேகம். குழாய் இணைப்புகளிலெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. ஒழுக்கு இல்லை. தைப் பனியில் சாணி புளிக்காமல் கிடக்கிறதோ என்று தொட்டியைச் சுற்றி வைக்கோல் அடைத்தோம். ஐந்து ரூபாய் வாடகையில் ஓர் அறை எடுத்தேன். அந்த ஐந்து ரூபாய் தண்டம். கண்ணை மூடவே இல்லை.

வெள்ளி காலை ஏழு மணி. வண்டி வர வேண்டிய நேரம். வரவில்லை. எட்டு மணிக்கு வாடகை சைக்கிள் எடுத்தேன், மணிக்கு இருபத்தைந்து காசு. கூரம் போகிற பக்கமாக ஐந்து கிலோமீட்டர் மிதித்தால் அந்த ஊர். பெயர் சொல்லப் போவதில்லை. குற்றம் அவர்களுடையது அல்ல.

ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீட்டு வாசலில் சாணிக் குவியல். கோலம் போட்டு முடித்த ஓர் அம்மாள் தொழுவத்திலிருந்து வந்தாள். கன்னியம்மாள் என்று பெயர், நாலு மாட்டுக்குச் சொந்தக்காரி.

"அம்மா, இன்னிக்கு உங்க ஊர் முறை. சாணி இங்கயே கெடக்குதே?"

"நீதான் அந்த கேஸுக்காரரா? இன்னா சார் நீ, வெள்ளிக்கெழம போட்டுக்கற?"

"ஏன், வெள்ளிக்கிழமைக்கு என்ன?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாணியில லட்சுமி இருக்குறா. தை வெள்ளியும் அதுவுமா எவளாச்சும் லட்சுமிய வண்டியில ஏத்தி வெளிய அனுப்புவாளா? திங்கக்கெழம வண்டி வண்டியா அள்ளிக்கினு போ, யாரு வேணான்னா?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"யாரு கேட்டா? நீ தலைவரு கிட்ட கேட்டுட்டுப் போய்ட்ட. அவரா சாணி அள்றாரு?"

அட்டவணை கொண்டுவந்த அன்று ஊர்த் தலைவர் வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள். அட்டவணையைப் பார்த்து அவர் தலையாட்டினார். நான் திருப்தியோடு சைக்கிள் ஏறிவிட்டேன்.

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் மாதா கோயில் உள்ள ஊர். ஞாயிறும் புதனும் அவர்கள் முறை. பால் கறந்து விற்கும் தேவசகாயத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"வெள்ளிக்கெழம எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். ஞாயித்துக்கெழமதான் பேஜாரு. நாங்க பூசையில இருக்கசொல்ல உங்க வண்டிக்காரன் வாசல்ல நின்னுக்கினு கத்தறான். அவங்க ஞாயிறு எடுத்துக்கட்டும், நாங்க வெள்ளி எடுத்துக்கறோம்."

பத்து நிமிஷத்தில் முடிந்தது. மூன்று மாதம் நான் மேசை முன் உட்கார்ந்து போட்ட திட்டத்தை ஒரு பால்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே திருத்திவிட்டார். கன்னியம்மாளிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். "ஞாயித்துக்கெழமைன்னா ரெண்டு வண்டி கூட அனுப்பறேன்" என்றாள்.

ஆனால் இன்று போட்ட சாணி நாளைக்கு எரியாது. புளித்து எரிவாயு ஆகப் பல நாள் பிடிக்கும். சனிக்கிழமையை எந்த அட்டவணையாலும் மாற்ற முடியாது.

சனி காலை ஆறு மணி. தொட்டியில் மூன்று கோடுகூட முழுதாக இல்லை. ரங்கையா பட்டு நூல் சிட்டங்களைக் கோலில் மாட்டித் தயாராக வைத்திருந்தார். ஒரே முகூர்த்தத்துக்கான பட்டு. எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்தால்தான் சிவப்பு ஒன்றுபோல இருக்கும். நடுவில் சூடு தணிந்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். எதிர்ப் பட்டறை மாணிக்கம் தன் வாசலில் வந்து நின்றார். அவர் பட்டறையில் விறகு அடுப்பு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா ரங்கையா, உன் பசு மாடு இன்னும் பத்திக்கலயா? பட்ட எங்கிட்ட குடுத்துடு. மானத்தக் காப்பாத்திக்கோ."

ரங்கையா என்னைப் பார்த்தார். "பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கத்தான் பாதிக்கு மேல செலவாகும். கொதி வந்துட்டா அப்புறம் கொஞ்சம்தான்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னேன்.

ரங்கையா தெருவைத் தாண்டிப் போய் மாணிக்கத்தின் முன்னால் நின்றார். "பட்டுக்கு உன் அடுப்பு வேணாம்பா. வெந்நி குடு."

மாணிக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் முதல் குடத்தை அவரே தூக்கி வந்தார். மற்ற நாலு பட்டறையிலிருந்தும் குடங்கள் வந்தன. உதவியா வேடிக்கையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்டா கொதிநீரால் நிரம்பியது. ரங்கையா அடுப்பைப் பற்ற வைத்தார். நீலச் சுடர் பிடித்தது.

இரண்டு மணி நேரம் ரங்கையா கோலைத் திருப்பித் திருப்பிச் சிட்டங்களை முக்கி எடுத்தார். நான் கொல்லையில் தொட்டி முன்னால் குந்தியிருந்தேன். ஒரு கோடு மறைந்தது. இன்னொன்றும் மறைந்தது. கடைசிச் சாண் இறங்கியபோது சுடர் படபடத்தது. நான் உள்ளே ஓடினேன். ரங்கையா கடைசிக் கோலைத் தூக்கிக்கொண்டிருந்தார். அடுப்பு தானாக அணைந்தது.

அலசிக் கொடியில் போட்டதும் ஐந்து பட்டறைக்காரர்களும் வெயிலில் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். திட்டு இல்லை. ரங்கையா என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையும் சிவந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

"பாதி எங்க வெறகு" என்றார் மாணிக்கம். "அடுத்த சனிக்கெழம வெந்நி கேக்காம இதே செவப்ப எடு. நாங்களும் அடுப்ப இடிக்கறோம்."

"எடுப்பார்" என்று ரங்கையாவுக்கு முன் நான் சொன்னேன். புது அட்டவணை என் பையில் இருந்தது.

பிற்பகல் இரண்டு மணி வண்டியில் ஏறி, ஐந்தரைக்குத் திருவல்லிக்கேணி வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சரோஜா பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கிண்ணத்தில் உறைமோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நேத்தே கேட்டீங்க, வெள்ளிக்கிழமை ஆச்சேன்னுதான் தரல" என்று சொல்வது என் காதில் விழுந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டேன். பதினோரு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே வாசலில் நடப்பதுதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

நடந்ததையெல்லாம் சொன்னேன். சரோஜா சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புது அட்டவணையை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ஏங்க, செவ்வாயும் வெள்ளி மாதிரிதானே? அதுக்கு எந்த ஊரைப் போட்டிருக்கீங்க?"

பாதி வண்டியும் கால் சரியில்லாத மாடும் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தன.

ஞாயிறு காலை ஆறு மணி வண்டிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன், ஐந்து ரூபாய் அறுபது காசு. ஜன்னலோரத்தில் சரோஜா, அவள் மடியில் அட்டவணை. பூந்தமல்லி வருவதற்குள் இன்னும் இரண்டு தப்பு கண்டுபிடித்துவிட்டாள்.