இளநீரிடம் தோற்காத தாட்சாயிணி

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த தாட்சாயிணியின் அப்பா நாட்டைக் காக்க டாங்கி செய்தார். மகள் நர்ஸாகி, கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு சிறிய நர்ஸிங் ஹோமில், மனித உடம்பின் உப்பையும் நீரையும் காக்கும் இலாகாவை ஏற்றுக்கொண்டாள். இரண்டில் இதுவே கடினமான உத்தியோகம். டாங்கியைப் பார்க்க உறவினர்கள் தூக்குவாளியோடு வருவதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்துத் தேர்தல் கோடையில் திருமழிசை ஜம்புலிங்கம் அங்கே வந்து சேர்ந்தார். இருதயம் தளர்ந்து, கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. நீர் பிரிய டாக்டர் ஊசி போட்டார். நீர் பிரிந்தது. கூடவே உடம்பிலிருந்த பொட்டாசியம் என்கிற உப்பும் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநடப்புச் செய்ய, கெண்டைக்கால் சுண்டி இழுத்தது.

"தினம் ஒரு இளநீர் குடுங்கம்மா, போன உப்பு திரும்பிடும்" என்று, டாக்டரின் சம்மதத்தோடு, ஜம்புலிங்கத்தின் மனைவி வடிவிடம் சொன்னாள் தாட்சாயிணி.

அவ்வளவுதான். வாசலில் இளநீர் வண்டி போட்டிருந்த அப்பாவு அன்று முதல் அவளைக் கண்டால் எழுந்து நின்றார். வார்டில் கால் முறிந்தவர், பிள்ளை பெற்றவர், வெறுமனே பார்க்க வந்தவர் எல்லோருக்கும் அதுவே தேசிய பானமாயிற்று.

பிறகு டாக்டர் மருந்தை மாற்றினார். புது மாத்திரையும் நீரைப் பிரிக்கும். ஆனால் பொட்டாசியத்தை வெளியே விடாமல் கதவைச் சாத்திவிடும். போதாததற்கு ஜம்புலிங்கத்தின் சிறுநீரகம் மந்தமென்று ரத்தப் பரிசோதனை சொன்னது. இனி இளநீர் உள்ளே போனால், அந்த உப்பு ஏறி இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும். தாட்சாயிணி தடை விதித்தாள்.

"நேத்து நீதானேம்மா குடுக்கச் சொன்னே? இன்னிக்கு விஷம்ன்ற! இன்னா இது, ஓட்டு கேக்க வந்தவங்க மாதிரி?" என்றாள் வடிவு.

"மாத்திரை மாறிடுச்சும்மா. அதனால நானும் மாறிட்டேன்."

"கட்சி தாவுறவன் அத்தினி பேரும் இதையேதான் சொல்றான்" என்று ஜம்புலிங்கம் படுத்தபடியே தீர்ப்பு வழங்கினார்.

கட்சி மாறியவள் பேச்சை யார் கேட்பார்கள்? சில நாளில் ஒரு காலை, தாட்சாயிணி அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பூந்தமல்லி பஸ்ஸைப் போல, துடிப்பு வருமா வராதா என்று காக்க வைத்தது. டாக்டரைக் கூப்பிட்டுவிட்டுக் கட்டிலடியில் குனிந்தாள். மோர் என்று சொல்லி வடிவு கொண்டுவந்த தூக்குவாளியில் இளநீர்.

டாக்டர் ஊசிமேல் ஊசியாகப் போட்டு இருதயத்தை வழிக்குக் கொண்டுவரும்வரை, வடிவு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"உடம்புச் சூடு தணியட்டுமேன்னுதான்..." என்று அழுதாள்.

தாட்சாயிணி அவளைத் திட்டவில்லை. நேராக இளநீர் வண்டிக்குப் போனாள்.

"அண்ணே, இனிமே ஜம்புலிங்கத்துக்கு வெட்டாதீங்க."

"யாருக்கு வாங்கினு போறாங்கன்னு எனுக்கு எப்டி சிஸ்டர் தெரியும்?"

"கேளுங்க."

"கேள்வி கேட்டா யாவாரம் ஆவுமா?"

"கேக்கலைன்னா அவர் செத்துடுவாரு. அப்பாவு வண்டி இளநீரைக் குடிச்சுத்தான் செத்தாருன்னு பூந்தமல்லி வரைக்கும் பேசுவாங்க."

இந்த விளம்பரத்தின் வீச்சு அப்பாவுவுக்கு உடனே புரிந்தது. அதன் பின் கத்தியை ஓங்கி, "எந்தக் கட்டிலுக்கு?" என்று விசாரணை நடத்தாமல் அவர் ஒரு காயைத் தொட்டதில்லை.

வீக்கம் வடிய வடிய ஜம்புலிங்கத்துக்குத் துணிச்சல் ஏறியது. ஒரு மதியம், வடிவு கண்ணயர்ந்த சமயம், வேட்டியை மடித்துக் கட்டி வண்டிக்கே எழுந்தருளினார்.

"வழுக்கையா ஒண்ணு வெட்டுப்பா."

"எந்தக் கட்டிலுக்கு நைனா?"

"எனுக்குத்தான்யா! கட்டிலு உள்ள கீது, நான் இங்க கீறேன்."

அப்பாவு கத்தியைக் கீழே வைத்தார். "சிஸ்டர்! உங்காளு நடந்தே வந்துகீறாரு!"

திட்டுவதற்கென்றே ஓடிவந்த தாட்சாயிணி, அவர் காலைப் பார்த்து நின்றாள். கணுக்கால் எலும்பு தெரிந்தது. மனிதருக்கு மூச்சிரைக்கவில்லை. கையைப் பிடித்து நாடி பார்த்தாள். ஒழுங்காக அடித்தது.

"ஒரே மடக்கு, தாயி" என்று கெஞ்சினார்.

"அண்ணே, ஒண்ணு வெட்டுங்க" என்றாள்.

ஜம்புலிங்கத்தின் முகம் மலர்ந்தது. தாட்சாயிணி காயை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே கடைசிச் சொட்டுவரை தானே குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, அவர் கையை விடாமல் வார்டுக்கு நடத்திப்போனாள்.