சங்கட லாரி

சாணி வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்தால் ஒரு தித்திப்பான நாற்றம் வரும்; முகத்தைச் சுளிக்க வைக்கும், ஆனாலும் மூக்கு அதையே தேடும். முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் மாட்டுக் கொட்டகையில் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த நாற்றம் அடித்தது. அப்பா நான்கு ஜோடி வண்டிமாடுகளை விற்றுவிட்டு ஒரு பழைய மோட்டார் லாரியை வாங்கிக் கொட்டகையில் "கட்டியிருந்தார்". வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், ஏனென்றால் அவருக்கு அதுவும் ஒரு மாடுதான்.

அப்பாவுக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஓட்டியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அம்மாவுக்குப் பிறந்த வீடென்று இந்த ஊரில் இருந்தது அவர் ஒருவர்தான். சட்டைப் பையில் எனக்கென்று ஒரு பொட்டலம் "கச்சாங் பூத்தே" வறுகடலை இல்லாமல் அவர் வீடு திரும்பிய நாள் கிடையாது.

வாங்கிய மறுவாரமே லாரியின் முன்பக்கம் இடதுபுறமாகச் சாய ஆரம்பித்தது. எதிர்வீட்டு மலாய்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, கோணல் என்னும் பொருளில் "செங்கெட், செங்கெட்" என்று சிரித்தார். தெருப் பிள்ளைகளின் வாயில் அது இரண்டே நாளில் "சங்கட லாரி" ஆகிவிட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். கேலாங்கில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த சீன முதலாளி ஒருவர், சாய்ந்த லாரியில் தன் செங்கல்லை ஏற்ற முடியாது, திங்கட்கிழமைக்குள் நிமிர்த்திக் கொண்டு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். மாடும் போய் லாரியும் நின்றுபோனால் எங்கள் அடுப்பு எரியாது என்பது ஒன்பது வயதான எனக்கே தெரிந்திருந்தது.

வில்வண்டிக்கு இருப்பதுபோல அந்த லாரிக்கும் முன்சக்கரத்துக்கு ஒன்றாக, இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய இரண்டு வில்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா இடது வில்லைக் காட்டி, "அத்தான், இந்தப் பக்கந்தான் முனகுது. ஜாலான் புசார்ல லாரி ரிப்பேர் பாக்குற நானா பட்டறையில அவுத்துப் பார்த்துடலாமே" என்றார்.

அப்பா கேட்கவில்லை. "நொண்டுற மாடு எந்தக் கால அழுத்தி ஊணுதோ, அதான் மாப்ளே நல்ல கால். கோளாறு தூக்கிப் பிடிக்கிற கால்லதான் இருக்கும். இடது பாரத்தத் தாங்கிக்கிட்டு நிக்குது. வலதுதான் வெறச்சிக்கிட்டு வேல செய்யமாட்டேங்குது" என்றார். இருபது வருஷம் மாடு பார்த்த கண் அது. மாட்டு விஷயத்தில் அவர் சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை. கட்டையைக் கொடுத்து லாரியைத் தூக்கி, வலது வில்லிலிருந்து ஒரு பட்டையை உருவி எடுத்துவிட்டு மறுபடியும் முடுக்கச் சொன்னார். மாமாவும் அப்படியே செய்தார்.

எங்கள் வீட்டில் சாமி படம் மாட்டினாலும் கொடி கட்டினாலும் "கண்ணளவு" பார்ப்பது என் வேலை. அன்றும் தெருவின் எதிர்ச்சாரியில் நின்று, லாரியின் இரண்டு விளக்குகளையும் ஒற்றைக் கண்ணால் பார்த்து, நேராக இருக்கிறது என்று கத்தினேன். உண்மையிலேயே நூல் பிடித்ததுபோல் இருந்தது. அப்பா சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்துக் கொட்டகைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் இடது சக்கரத்தருகே குந்தியிருந்தேன். வில்லின் அடுக்கில் ஒரு பட்டையில் மயிரிழைபோல் ஒரு சிவந்த கோடு குறுக்கே ஓடியது. துருவென்று நினைத்துச் சுரண்டினேன். நகம் உள்ளே இறங்கியது. அப்பாவைப் பார்த்தேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டேன்.

திங்கட்கிழமை செங்கல் ஏற்றிக்கொண்டு கேலாங் பக்கம் போகும்போது, பாலத்து இறக்கத்தில் இடது வில் ஒடிந்தது. லாரி இடப்பக்கம் வெட்டிக் கரையில் உருண்டது. மாமாவின்மேல் செங்கல் சரிந்துவிட்டது. உடம்பைப் பார்க்க என்னை விடவில்லை. அவருடைய சட்டையை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா அதைத் துவைக்கவே இல்லை.

"மாட்டுப் புத்தியை லாரியில காட்டி மச்சினனைக் கொன்னுட்டான்" என்றது ஊர். நல்லது கெட்டதுக்கு அப்பாவைக் கூப்பிடுவது நின்றது. அவர் பிறர் வண்டியில் கூலிக்கு மாடு ஓட்டினார். வீட்டில் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பாராமல் இருபது வருஷம் இருந்துவிட்டு, ஜப்பான்காரன் ஊரைவிட்டுப் போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகுதான் அம்மாவிடம் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஒம் மாமனும் பார்த்தான்டி. திங்கக்கிழமை காலைல எங்கிட்டச் சொன்னான். நாந்தான், 'இன்னிக்கு ஒரு நட ஓட்டிட்டு வந்துடு, சாயங்காலமா அத்தான்கிட்டப் பக்குவமாச் சொல்லிக்கலாம், மனுசன் இப்பத்தான் சிரிக்கிறாரு'ன்னேன்."

நாங்கள் அழவில்லை. அம்மா மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

இப்போது நான் ஆங் மோ கியோவில் ஏழாவது மாடியில் இருக்கிறேன். கொட்டகைகள் போய்விட்டன, அந்தத் தெருவில் மாடு நின்றது என்று சொன்னால் பேத்தி நம்புவதில்லை. அந்த நாற்றத்தை அறிந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். அந்த விரிசல் மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர் அப்பா மட்டுமே. "உங்கள் தப்பு மட்டும் இல்லை அப்பா" என்று சொல்ல எத்தனை நேரம் பிடித்திருக்கும்? இருபது வருஷம் தினமும் அவருக்குச் சோறு போட்டோம், அம்மாவும் நானும்.