அரிசி மூட்டை மேல் ஒரு பெட்டி

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கும்மிடிப்பூண்டியில் கம்பி ஏற்றிய என் வண்டியும் நிற்கிறது. இறங்கி டீ வாங்குகிறேன்.

மகனுக்கு முந்தாநாள் அனுப்பிய மெசேஜில் இன்னும் ஒரே டிக். போய்ச் சேரவில்லை. அவன் ராணுவத்தில் கமாண்டோ. நாலைந்து பேராக எதிரி இடத்துக்குள் போய், சத்தமில்லாமல் திரும்புகிற படை. எங்கே போகிறான் என்று வீட்டுக்குச் சொல்ல மாட்டான்.

"இன்னா நைனா, டீ ஆறுது," என்கிறார் டீக்கடைக்காரர். விஷயத்தைச் சொல்கிறேன்.

"அந்த மாதிரி கேம்ப்புல சமைச்சவன் நானு. கெளம்பசொல்லோ எல்லார் போனையும் ஆஃப் பண்ணி ட்ரங்குப் பெட்டில பூட்டிருவாங்க. பெட்டி என் அரிசி மூட்ட மேலதான் இருக்கும். திரும்பி வந்தானுங்கன்னா சோறு கேக்க மாட்டானுங்க, போனத்தான் கேப்பானுங்க."

"வரலன்னா?"

அவர் கிளாஸ் கழுவுகிறார்.

வரிசை நகர்கிறது. வண்டியில் ஏறக் கால் வைக்கும்போது போன் அதிர்கிறது. இரண்டு டிக். கீழே மகனின் பதில்: "வந்துட்டேன்பா. சாப்ட்டியா?"

திரும்பிப் போய்க் கடைக்காரரிடம் காட்டுகிறேன்.

"பெட்டிய தொறந்துட்டானுங்க நைனா!" என்று சிரிக்கிறார்.

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். இரண்டு நாளாகப் பசியே இல்லை. இட்லி கட்டச் சொல்கிறேன்.