கிணற்றுப் பேயைக் கண் திறந்து பார்த்தேன்

நண்பர்களே, இப்போதுதான் டென்ட் கொட்டகையிலிருந்து வருகிறேன்.

அதே பழைய பேய்ப்படம்தான். கிணற்றிலிருந்து அவள் எழும்போதெல்லாம் கண்ணை மூடிவிடுவேன். இன்றாவது பார்த்துவிட வேண்டும் என்று, முடியுமா என்ற சந்தேகத்தோடேயே போனேன்.

பக்கத்தில் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் முனுசாமி. "இன்னா சார், அந்தப் பேய் மாதிரி என் பொண்ணே வூட்ல சிரிச்சிக் காட்டுது. நீங்க இன்னுமா பயந்துக்கினு இருக்கீங்க?" என்றார்.

ஆப்பரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். கல்யாணப் பாட்டு வரவேண்டிய இடத்தில் அவள் எழுந்தாள்!

கண்ணை மூட நேரமில்லை. முழுதாக, மூக்குத்தி வரைக்கும் பார்த்துவிட்டேன்!

முனுசாமி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "பூட்டாளா சார்?" என்றார்.

பார்த்துப் பார்த்துப் பயமே போய்விட்டது என்பவர்கள் சொல்லுங்கள்: அவளுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?