எட்டாவது வந்தால்

அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரிகளை எடை போடும் அறையில் நான் கான்ட்ராக்ட் ஆள். கூட்டுவேன், தண்ணீர் பிடித்து வைப்பேன். இன்னொரு வேலையும் இருந்தது. எடையைப் பதிவு செய்கிற சர்வர் கம்ப்யூட்டர், தான் செய்வதையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கு லாக் என்று பேர். அது பெருத்தால் இடம் தீர்ந்து மெஷின் நின்றுவிடும். தினமும் காலையில் நான்தான் அழிக்க வேண்டும். எனக்குப் படிப்பு கம்மி. எதைத் தட்டுவது என்று விரலுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மனைவிக்கு ஜுரம். ஒரு நாள் போகவில்லை. மெஷின் நின்றது. லாரிகள் ரோடு வரை நின்றன.

மறுநாள் சூப்பர்வைசர் சொன்னார்: "இன்னொரு தபா நின்னுச்சு, நீ வூட்லயே குந்திக்கினு இரு. கேட் பாஸ் புதுசு கெடையாது."

பாஸ் மாதக் கடைசியில் முடிகிறது. அது இருந்தால்தான் உள்ளே விடுவார்கள், அதுதான் சோறு. மனைவிக்கோ ஜுரம் விடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயே ஆக வேண்டும்.

மெஷின் வைத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள்.

"லாக் ரொட்டேஷன் போட்டுட்டா தானா நடக்கும்ணா."

"ரொட்டேஷன்னா, ஏ ஷிப்ட் பி ஷிப்ட் மாதிரிங்களா மேடம்?"

சிரித்தாள். "கிட்டத்தட்ட அதாங்க. டெய்லி புது ஃபைல் டூட்டிக்கு வரும். பழசு ஏழு இருக்கும். எட்டாவது வந்தா, இருக்கறதுலயே ரொம்பப் பழசு போயிடும்."

"எங்க போவும்?"

"எங்கயும் போவாதுண்ணா. இல்லாம போயிடும்."

எழுத்து எழுத்தாகச் சொன்னாள். தட்டினேன். திரையில் தப்பு என்று வந்தது.

"டெய்லின்னு அடிச்சதப் படிங்க."

"டி, ஏ, எல், ஐ, ஒய்."

"எல்லு ஓவர்டேக் பண்ணிடுச்சுண்ணா. ஐ முன்னாடி வரணும்."

மாற்றினேன். பெருத்த ஃபைல் ஒன்றாம் நம்பர் வாங்கிக்கொண்டு பின்னால் போனது. காலி ஃபைல் ஒன்று முன்னால் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மெஷின் நிற்கவில்லை.

அடுத்த நாள் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"தானா அழிச்சிக்குதா?"

"ஆமாங்க."

"அப்ப நீ எதுக்குய்யா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"கூட்டணும்ல சார்."

"பாஸ மேசை மேல வெச்சிட்டுப் போ. புதுசு போடறதா வேணாவானு பாக்கலாம்."

வைத்தேன். துடைப்பத்தை எடுத்தேன். கூட்டக் கூட்ட லாரிச் சாம்பல் வந்து படிந்துகொண்டே இருந்தது. படியட்டும் என்றிருந்தது.