பூங்காவனம் எழுதிய அ

எங்கள் அண்ணி வேம்புவைப் பற்றிக் கேட்டால் ஊரில் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: பொறுமைசாலி, வாய் திறக்காதவள், தங்கமானவள். பொறுமையாவது மண்ணாவது. அவளோடு ஒரே அடுப்பில் சோறு பொங்கிய நாத்தனார் நான் சொல்கிறேன். அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று இருந்தது. அந்த ஏக்கத்தை வெளியே காட்டாமல் வைத்திருந்தாள். அதைத்தான் ஊர் பொறுமை என்றது.

எங்கள் ஊர் குடவாசலுக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டி. கழக ஆட்சி வந்த புதிதில் மாதர் சங்கத்தின் பேரில் ஒரு பால்வாடி திறந்தார்கள். எட்டாவது படித்தவள் என்று அண்ணியை டீச்சராகப் போட்டார்கள். கஞ்சி காய்ச்ச என்னைப் போட்டார்கள். கட்டடம் கிடையாது. பண்ணையின் வண்டிக் கொட்டகையில் ஒரு பாதியை விட்டுக் கொடுத்திருந்தார்கள். மறுபாதியில் வண்டி நிற்கும். எதிரே பண்ணைக் களம்.

சிலேட்டு வரும், பலப்பம் வரும் என்று கிராம சேவிகா வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். வந்தபாடில்லை. அண்ணி அதற்காகக் காத்திருக்கவில்லை. என் அடுப்புச் சாம்பலைச் சலித்து முறத்தில் பரப்பினாள். பிள்ளைகளின் விரலைப் பிடித்து அதில் அ எழுத வைத்தாள். தப்பாகப் போனால் முறத்தை ஒரு தட்டு தட்டினால் போதும், பலகை புதிதாகிவிடும். வாய்க்கால் களிமண்ணைக் கயிறு போல உருட்டி, சுழி வைத்து, வயிற்றை வளைத்து, காலை ஊன்றி எழுத்தை நிற்க வைக்கச் சொல்வாள். தரையில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதிவிட்டு அதன் மேலேயே பிள்ளைகளை நடக்க விடுவாள். கோடு தாண்டினால் ஆற்றில் விழுந்ததாகக் கணக்கு. விழுவதற்கென்றே நடக்கிற கழுதைகள்தான் பாதிப் பேர். அத்தனை பேருக்கும் கை கால் கழுவிவிட்டு என் இடுப்பு ஒடிந்தது.

அ என்றால் அவள் அரிவாள் என்பாள். அதற்கு ஒரு நாள் பண்ணைக் காரியஸ்தர் பஞ்சநதம் வந்து நின்றார்.

"ஏம்மா, அ-ன்னா அம்மான்னு சொல்லிக் கொடுக்கமாட்டியா? ஏற்கெனவே கூலி ஆளுங்க செங்கொடி புடிச்சிக்கிட்டு நிக்கிறானுங்க. நீ வேற புள்ளைங்களுக்கு அரிவாளக் காட்டுறியே."

"இதுங்க தெனம் பாக்குறது அரிவாள்தானுங்க" என்றாள் அண்ணி.

அவர் போன பிறகு நானும் அதையேதான் கேட்டேன். "அம்மான்னே சொல்லிக் குடுத்தா என்ன அண்ணி?"

அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே, "இத்தன வாயும் சேந்து அம்மாங்கும். அப்புறம் எனக்குப் பாடம் ஓடாது காத்தாயி" என்றாள். வாயாடி என்று பேர் எடுத்தவள் நான். அடுப்பை ஊதப் போய்விட்டேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்று பூங்காவனம். பெற்றெடுத்த கையோடு தாய் கண்ணை மூடிவிட்டாள். அப்பன் மருதையன் பண்ணையில் ஆள். அவன் வேலைக்குப் போகிறபோது விடியற்காலையிலேயே பிள்ளையைக் கொட்டகையில் விட்டுவிடுவான். அது எழுதாது. முறத்தை நீட்டினால் விரலை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொள்ளும். களிமண்ணைக் கொடுத்தால் ஒரே பிடியாகப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அண்ணியின் முந்தானையை மட்டும் விடாது. மற்ற பிள்ளைகள் எல்லாம் அ முடிந்து ஆ-வுக்குப் போய்விட்டன. இதற்காக அண்ணி தினமும் ஒரு முறம் சாம்பலைத் தனியாக எடுத்து வைப்பாள்.

ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு மருதையனிடம் கேட்டேவிட்டாள். "பூங்காவனத்த எனக்குக் குடு மருதையா. இதே தெருவுலதான வளரப்போவுது."

அவன் தலையைச் சொறிந்தான். "அறுப்பு முடியட்டும் அக்கா. சொல்றேன்."

மாட்டேன் என்று சொல்லவில்லையே, அது போதும் அவளுக்கு. அன்றைக்கே தன் பழைய சேலையைக் கிழித்துச் சின்னதாக ஒரு சட்டை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருஷத்து அறுப்பு லேசில் நடக்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கொடு என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் கேட்டது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. குளத்தங்கரையில் போலீஸ் வண்டி வந்து நின்றது. கடைசியில் ஏதோ ஒப்பந்தம் ஆகி அரிவாளை எடுத்தார்கள், ஆனால் யாரும் யாரையும் நம்பவில்லை. அளந்து முடியாத நெல்லைக் களத்திலேயே குவித்து, அதன் மேல் சாம்பலால் அகலமாகக் கோடு இழுத்து விடுவது வழக்கம். விடிந்து பார்க்கும்போது சாம்பல் கலையாமல் இருக்க வேண்டும். கலைந்திருந்தால் நெல் திருட்டுப் போயிற்று என்று பொருள். காவலுக்குப் படுத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். குடிசை நிற்கிற மனையும் பண்ணையுடையது என்பதால், பதில் சரியில்லை என்றால் அன்றைக்கே சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான்.

அன்று காவல் மருதையன். பிள்ளையும் அவனோடு களத்திலேயே படுத்திருந்தது. விடிந்ததும் அவன் முகம் கழுவ வாய்க்காலுக்குப் போயிருக்கிறான். நானும் அண்ணியும் கொட்டகையைத் திறக்க வந்தோம்.

குவியலின் அடியில் பூங்காவனம் நின்றுகொண்டிருந்தது. அதன் உயரத்துக்கு எட்டிய இடத்தில், சாம்பல் கோட்டுக்குக் குறுக்கே ஒரு அ. சுழி இருந்தது, வயிறு இருந்தது, கால் கொஞ்சம் கோணல். அவ்வளவு பெரிய முறத்தை அது எங்கே பார்த்திருக்கப் போகிறது? யாரோ தனக்காகவே சாம்பல் தூவி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா, எனக்குத் தெரியவில்லை. பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குள் களத்து மேட்டில் பஞ்சநதத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று அந்தச் சின்ன விரலை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். துடைத்த கையோடு தன் விரலைச் சாம்பலில் தொட்டு அந்த எழுத்தின் மேலேயே பெரிதாக ஒரு இழுப்பு இழுத்தாள். பூங்காவனத்தின் அ அதோடு போயிற்று.

"எவன்டா கை வச்சது? மருதையன் எங்க?" என்று கத்திக்கொண்டே வந்தார்.

"நான்தானுங்க" என்றாள் அண்ணி. "புள்ளைங்களுக்குப் பெருசா எழுதிக் காட்டலாம்னு தொட்டுட்டேன். நெல்ல யாரும் தொடல. மருதையன் இப்பதான் மூஞ்சி கழுவப் போனாரு."

நான் வாயைத் திறந்தேன். என் காலை மிதித்தாள். நல்ல மிதி.

டீச்சர் மேல் திருட்டைப் போட அவருக்கு வழியில்லை. சாம்பல் ஒட்டிய விரலும் கண் முன்னால் இருந்தது. ஆனால் அந்த ஆத்திரம் எங்காவது இறங்க வேண்டுமே. கொட்டகையை அன்றே காலி செய்யச் சொன்னார். பால்வாடிக்கு வேறு இடம் கொடுக்க ஊரில் யாருக்கும் துணிவில்லை. அண்ணியை ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். என் அண்ணன் வீரையனும் மூட்டையைக் கட்டினான்.

விஷயம் தெரிந்து மருதையன் வந்தான். வாசலில் நின்றபடி துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"இதே தெருவுன்னா குடுத்திருப்பேன் அக்கா. அவ்வளவு தூரம்னா... எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருக்காகடா அவ ஊர விட்டுப் போறா?" என்று ஆரம்பித்தேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"ஒன் பொண்ணு மருதையா. ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். தைத்த சட்டையை அவனிடமே கொடுத்தாள். உள்ளே வந்து வெகுநேரம் காலிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஏறுகிற அன்று பூங்காவனம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. கையில் களிமண்ணால் ஒரு அ. அதுவே உருட்டி, அதுவே வளைத்தது. வெயிலில் காய்ந்திருந்தது. அண்ணியிடம் நீட்டிவிட்டு அப்பன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பஸ் குலுக்கலில் நீடாமங்கலம் போவதற்குள் அது இரண்டாக உடைந்துவிட்டதாம்.

மறு வருஷம் மருதையனும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடிப் போய்விட்டான். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் விசாரிக்காத ஆள் இல்லை.

வெகுகாலம் கழித்து ஒரத்தநாட்டுப் பக்கம் அண்ணியைப் பார்க்கப் போனேன். அங்கேயும் முறம், சாம்பல், சுண்ணாம்புக் கோடு. அ என்றால் அங்கேயும் அரிவாள்தான். உப்பு எடுக்கப் போய்ப் பால் பவுடர் டப்பா ஒன்றைத் திறந்தேன். பஞ்சுக்குள் அந்த இரண்டு களிமண் துண்டுகள். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே.

"ஏன் அண்ணி, களிமண்ணுதான? கொஞ்சம் தண்ணி தொட்டுப் பெசஞ்சா ஒட்டிக்கும். நான் ஒட்டித் தரவா?"

டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேணாம். பெசஞ்சா அவ வெரல் பதிஞ்சது அழிஞ்சிடும்" என்றாள். "ஏற்கெனவே ஒருக்கா அழிச்சிட்டேன்."