அமலினி காட்டிய சுழல்வழி

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோத் தமிழர் என்றால் வீடு துடைப்பவர்கள், வயோதிபரைப் பார்ப்பவர்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிற எவருக்கும் நான் அமலினியைக் காட்டுவேன். காட்டாமல் விடமாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பொய் வராது.

அமலினி மன்னார் பேசாலைக்காரி. பலேர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில், நான் இருக்கிற அதே அடுக்குமாடியில் இருக்கிறாள். கணவர் றொஜர் பல்லரோ சந்தையில் மீன் வெட்டுகிறார். நகரத்துக்கு வெளியே, மலையடியில் உள்ள ஒரு பழைய கோட்டையில் அவளுக்கு நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் வேலை. சீட்டைக் கிழித்தோமா, சம்பளத்தை எடுத்தோமா என்று இருந்திருக்கலாம். அவள் வழிகாட்டிகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாள். கேட்டது போதாமல் நூலகத்துக்குப் போனாள், பஸ்ஸிலும் வாசித்தாள். கடைசியில், தன்னையும் வழிகாட்டியாக்கும்படி கோட்டைச் சொந்தக்காரியான சிஞோராவிடம் நேரே கேட்டுவிட்டாள்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்களைக் கூட்டி வா. தமிழிலேயே காட்டு. அடுத்த குழுவைக் காக்க வைக்காமல் நேரத்துக்கு முடித்தால், இனி ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு" என்றார் சிஞோரா.

இதை நானும் அவளுமாகப் போய் றொஜரிடம் சொன்னபோது அவர் மீனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத்தாலிக்காரனுக்கு அவன்ரை கோட்டையைப் பற்றி நீர் கதை சொல்லப்போறீரோ? ஆர் நிண்டு கேக்கிறது?"

"வந்து கேட்டிட்டுச் சொல்லுங்கோ" என்றாள் அமலினி.

எனக்கு அவரில் வந்த கோபத்துக்கு அன்று மீனே வாங்கவில்லை.

அந்த ஞாயிறு வேதக்காரரான கத்தோலிக்கர் பாதி, என்னைப்போல் சைவக்காரர் பாதியாக ஒரு பஸ் நிறையப் போய் இறங்கினோம். றொஜரும் வந்தார். அமலினி வாசலிலேயே தொடங்கினாள். அந்த வாசல் நேரே உள்ளே போகாது. ஒருபக்கம் மடங்கி, மறுபக்கம் மடங்கி, இரண்டு சுவர்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு போகும்.

"எதிரி குதிரையிலை நேரே பாய்ஞ்சு வரக்கூடாது எண்டுதான் இப்பிடி வளைச்சுக் கட்டினவை. ஒவ்வொரு திருப்பத்திலையும் அவன்ரை வேகம் குறையும். மேலை நிக்கிறவன் அப்பதான் அடிப்பான்."

"சக்கரவியூகம் மாதிரி" என்றேன் நான்.

"ஓம் சந்திரமதி அக்கா. அபிமன்யு இஞ்சை வந்திருந்தாலும் பாடுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கோ நான் பெற்ற பிள்ளை மேடையேறியது போல இருந்தது.

தோட்டத்தில் ஆளுயரச் செடிவேலிகளால் ஆன புதிர்வழி ஒன்று இருக்கிறது. எதிரியை வழிதவற வைக்கத்தான் கோட்டைகளில் இப்படி வைத்தார்கள் என்று நாங்கள் சினிமா பார்த்து நினைத்திருந்தோம். அப்படியில்லையாம். "இது கனகாலத்துக்குப் பிறகு வந்தது. சண்டை ஓய்ஞ்சு பிரபுமார் பொழுதுபோக்கத் தொடங்கின காலம். விருந்தாளியளை உள்ளுக்கு விட்டு அவை வழி தெரியாமல் முழுசுறதைப் பாத்துச் சிரிக்கிறது. காதலிக்கிறவைக்கும் வசதி" என்றாள்.

பிறகு, மேல்மாடங்களுக்கு ஏறமுன், கோட்டைக்குள் இருக்கும் சிறிய தேவாலயம். அதன் தரையில் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லுமாக வட்டத்துக்குள் வட்டமாய் ஒரு சுழல்வழி பதித்திருக்கிறார்கள்.

"இதிலை ஆரும் தொலைய ஏலாது. ஒரேயொரு வழிதான். சுத்திச் சுத்தி நடுவுக்குக் கொண்டுபோய் விடும். ஜெருசலேமுக்குப் போக வசதியில்லாத ஆக்கள் அந்தக் காலத்திலை இப்பிடியான வழியிலை முழங்காலிலை போய் நேர்த்திக்கடன் தீர்த்தவை எண்டு சொல்லுவினம்."

அங்கேதான் கணக்குப் பிழைத்தது. வருசாவருசம் வெறுங்காலோடு மலையேறி, பலேர்மோவின் காவல் புனிதை சாந்த றொசாலியாவைக் கும்பிடுகிற கூட்டம் நாங்கள். அதில் வேதம், சைவம் என்று பேதமில்லை. எங்களிடம் நேர்த்தி வைக்கிற இடம் என்று சொல்லிவிட்டு, சும்மா பார்த்துவிட்டு வாருங்கள் என்றால் நடக்கிற காரியமா? முதலில் செருப்புகள் கழன்றன. பிறகு ஒவ்வொருவராக முழங்காலில் இறங்கினோம். நானும்தான். றொஜர் கடைசி.

நான் முடித்து எழுந்தபோது அடுத்த குழு தேவாலய வாசலில் வந்து நின்றது. அவர்களுடைய வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்தான். சிஞோராவும் வந்துவிட்டார். மற்ற எல்லாரும் முடித்துவிட்டார்கள். றொஜர் மட்டும் பாதி வழியில். சந்தையின் ஈரத்தரையில் நின்று நின்று பழுதான முழங்கால் அவருக்கு. ஊர்ந்துகொண்டிருந்தார்.

அமலினி முகம் வெளிறி அவரிடம் போய்க் குனிந்தாள். எழும்பச் சொல்லத்தான் போனாள். அவர் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் நிமிர்ந்தாள். நேரே வாசலுக்கு வந்து, இத்தாலிய மொழியில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"சிஞோரா, இந்தத் தரையைப் போட்டது இதற்குத்தான். ஒருவர் பாதி வழியில் இருக்கிறார். நான் அவரை எழுப்பமாட்டேன்."

வேலை போய்விட்டது என்று எனக்கு நிச்சயம். ஆனாலும் சொல்கிறேன், அவளை நினைத்து அன்று பட்ட பெருமை எனக்கு என் பிள்ளைகளாலும் கிடைத்ததில்லை. அந்தக் குழு சத்தமில்லாமல் உள்ளே வந்து சுவரோரமாக நின்றது. றொஜர் நடுவுக்கு வந்து சேர்ந்து, சிலுவை அடையாளம் போட்டு, என் தோளைப் பிடித்து எழும்பினார்.

வெளியே வந்ததும் அமலினி வெடித்தாள்.

"எல்லாரும் முடிச்சிட்டினம். உங்களுக்கு மட்டும் அப்பிடி என்ன பெரிய நேர்த்தி? உங்களாலை என்ரை வேலை போச்சு."

றொஜர் காற்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"உமக்கு அந்த வேலை கிடைக்கவேணும் எண்டுதான்" என்றார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த நேரம் பார்த்துச் சிஞோரா வந்தார். "அடுத்த ஞாயிறு தேவாலயத்தைக் கடைசியில் வை. பின்னால் வரும் குழுவை நான் பிந்தி வரச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன கிழமை மீன் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு சிசிலிக்காரர்கள் பையோடு காத்து நின்றார்கள். றொஜர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கோட்டை வாசல் ஏன் வளைந்திருக்கிறது என்று அவர்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.